கல்யாண ரிசப்ஷனில் கொலைப் பாட்டு: நிக் கேவின் ‘மர்டர் பாலட்ஸ்’ பற்றி ஓர் இழை

#1 தட்டான்_பூச்சி

போன மாதம் அத்தை பெண்ணுக்குக் கல்யாணம். ரிசப்ஷனுக்குப் பாட்டுப் பட்டியல் போடும் வேலை என் தலையில் விழுந்தது. “நடுநடுவே மெதுவான இங்கிலீஷ் பாட்டும் ரெண்டு மூணு இருக்கட்டும்டா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பெங்களூர்” என்று சொல்லியிருந்தாள். பள்ளிக்கூட நாட்களில் கேபிள் டிவியில் பார்த்து மனதில் தங்கிப்போன ஒரு டூயட்டைச் சேர்த்தேன். ஆஸ்திரேலிய ராக் பாடகர் நிக் கேவும் பாப் பாடகி கைலி மினோகும் பாடும் ‘வேர் த வைல்ட் ரோசஸ் க்ரோ’. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆண் குரல், காதோரம் பேசுகிற மாதிரி பெண் குரல், ரோஜா, ஆற்றங்கரை. கல்யாணத்துக்கு வேறு என்ன வேண்டும்?

முதல் பந்தி ஓடும்போது பாட்டும் ஓடியது. மாப்பிள்ளைக்குச் சித்தப்பா முறை ஒருவர், ஓய்வு பெற்ற இங்கிலீஷ் வாத்தியார், கையில் பாயசத்தோடு என் பக்கம் வந்தார். “தம்பி, மூணாம் நாள் அந்தப் பொண்ணைக் கல்லால அடிச்சுக் கொன்னுடறானே, கவனிச்சியா?”

கவனிக்கவில்லை. இத்தனை வருடமாகக் கேட்கிறேன், ஒரு தடவைகூடக் கவனிக்கவில்லை.

அன்று இரவு மண்டபத்து மாடியில் உட்கார்ந்து அந்தப் பாட்டு இருக்கும் ‘மர்டர் பாலட்ஸ்’ (கொலைக் கதைப்பாட்டுகள்) ஆல்பத்தை முழுதாகக் கேட்டேன். 1996 பிப்ரவரியில் வந்தது. பத்துப் பாட்டு. கடைசிப் பாட்டைத் தவிர எல்லாவற்றிலும் யாராவது சாகிறார்கள். பழைய நாட்டுப்பாடல்களை ராக் இசையில் மறுபடி எடுத்தது என்று எங்கோ படித்தேன். எது பழசு, எது புதுசு? இந்த மாதிரிப் பாட்டை யார், எதற்குப் பாடினார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பேஸ்மணி

முதலில் அந்தச் சித்தப்பாவுக்கு ஒரு கும்பிடு.

பழைய பாட்டுத் தொகுப்பு என்று நினைத்து வாங்கினால் ஏமாறுவீர்கள். நேரடியாகப் பழைய மரபிலிருந்து வருபவை இரண்டு: ‘ஹென்றி லீ’, ‘ஸ்டாகர் லீ’. ‘க்ரோ ஜேன்’ பழைய ப்ளூஸ் பெயர், கதை கேவ் எழுதியது. நீங்கள் ரிசப்ஷனில் போட்டது, அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் பாடப்படும் ‘டவுன் இன் த வில்லோ கார்டன்’ என்ற பாட்டைக் கேட்டுவிட்டு அதற்குப் பதில் மாதிரி எழுதியது. அந்த மூலப் பாட்டையும் அதே சிங்கிளின் மறுபக்கத்தில் போட்டார்கள், பாடியது பியானோ வாசித்த கான்வே சாவேஜ். கடைசிப் பாட்டு பாப் டிலனுடையது. மிச்சமெல்லாம் கேவ் பழைய அச்சில் வார்த்த புதுச் சரக்கு.

பேஸ் கிட்டார் வாசிக்கிறவனாக என் கட்சி இதுதான்: ‘ஸ்டாகர் லீ’யில் கேவ் குழுவின் மார்ட்டின் கேசி வாசிக்கும் பேஸ் ஒன்று போதும். பாட்டு முழுக்க அந்த வரி நகரவே நகராது, வாசலை மறித்துக்கொண்டு நிற்கிற ஆள் மாதிரி. கடைசியில் குழுவின் கிட்டார்காரர் பிளிக்சா பார்கெல்ட் அலறுவாரே, ஹெட்போனில் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேளுங்கள்.

#3 கேசட்_காலம்

தம்பிகளா, இதற்குத் தமிழில் பேர் இருக்கிறது. கொலைச்சிந்து. நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் ஊர்ச் சந்தையில் ஓர் ஆள் வருவார். தோளில் துணிப்பை, கையில் ஒரு கஞ்சிரா. எந்த ஊரில் யார் யாரை வெட்டினார்கள் என்று சினிமா மெட்டில் பாடுவார். கூட்டம் சேர்ந்ததும் வெட்டு விழுகிற இடத்துக்குச் சரியாக முன்னால் நிறுத்திவிடுவார். மிச்சம் வேண்டுமென்றால் புத்தகம் வாங்க வேண்டும். சாணித்தாளில் எட்டுப் பக்கம், முகப்பில் யார் என்றே தெரியாத அளவுக்கு மை அப்பிய ஒரு படம். என் பாட்டி வாங்கி வந்து என்னைப் படிக்கச் சொல்லி அழுவாள். மறுநாள் மறுபடியும் படிக்கச் சொல்வாள்.

வெள்ளைக்காரன் இதைத்தான் ‘பாலட்’ என்கிறான் என்று நினைக்கிறேன்.

#4 ஸ்கார்பரோ_சிவா

கேசட் அண்ணை சொன்னது அப்படியே லண்டனிலும் நடந்தது. ஒரு பக்கம் அச்சடித்த தாளைத் தெருவில் பாடிப்பாடி விற்பார்கள், தூக்கு மேடைக்குப் பக்கத்திலேயே விற்பார்கள். மெட்டும் சனத்துக்கு ஏற்கெனவே தெரிந்த மெட்டாக இருக்கும். செவன் டயல்ஸ் பகுதியில் ஜேம்ஸ் காட்னாக் என்று ஒரு அச்சுக்காரர். 1827ல் சஃபோக் மாவட்டத்தில் மரியா மார்ட்டன் என்ற பெண்ணைக் கொன்று களஞ்சியத்துக்குள் புதைத்த வில்லியம் கார்டரை அடுத்த வருஷம் தூக்கில் போட்டார்கள். அவனுடைய ‘கடைசி வாக்குமூலம்’ என்று பாட்டோடு காட்னாக் அடித்த தாள் பத்து லட்சத்துக்கு மேல் விற்றதாகச் சொல்வார்கள்.

அந்தப் பாட்டுகளில் கொலைகாரனே ‘நான்’ என்று பாடுவான். கடைசியில், என்னைப் பார்த்துத் திருந்துங்கள் என்று வாலிபர்களுக்கு ஒரு புத்திமதி. தூக்குக்கு முதல் நாள் இரவு அவன் எழுதினதாகக் கணக்கு. எழுதினது அச்சுக்கூடத்தில் கூலிக்கு எழுதுகிறவர்.

#5 மழைக்காகிதம்

எல்லாரும் ரசித்துப் பேசுகிறீர்கள், பேசுங்கள். எனக்கு ஒரு நெருடல்.

‘டாம் டூலி’ பாட்டு பலருக்குத் தெரியும். 1958ல் கிங்ஸ்டன் ட்ரையோ என்ற குழு பாடி அமெரிக்காவில் முதலிடம் வந்தது. அது நிஜ ஆள். பெயர் டாம் டூலா, வட கரோலினாக்காரர், 1868 மே 1ஆம் தேதி ஸ்டேட்ஸ்வில்லில் தூக்கில் போட்டார்கள். கொல்லப்பட்ட பெண் லாரா ஃபாஸ்டர். கிங்ஸ்டன் ட்ரையோ பாடும் வரிகளில் அந்தப் பெயர் ஓர் இடத்தில்கூட வராது. மலையில் ‘அவளை’ச் சந்தித்தான், ‘அவளை’க் கொன்றான், அவ்வளவுதான். தலையைத் தொங்கப் போடு, அழு என்று எல்லாரும் சேர்ந்து இரங்குவது டாமுக்கு.

டீலியா என்று ஒரு வரிசைப் பாட்டு உண்டு. ஜானி கேஷ் 1994ல் மறுபடி பாடினார், அதில் அவள் பொல்லாதவள், அவனை வதைத்தவள். நிஜமான டீலியா க்ரீன் ஜார்ஜியாவில் சவானா ஊரில் 1900 கிறிஸ்துமஸ் சமயத்தில் சுடப்பட்டபோது அவளுக்கு வயது 14. சுட்ட பையனும் கிட்டத்தட்ட அதே வயது. பதினாலு வயதுக் குழந்தையை இப்படிப் பாட்டில் வைத்திருக்கிறோம்.

இதைப் பழைய பாட்டுகளின் ‘மறுமலர்ச்சி’ என்று கொண்டாடுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் யோசிக்கலாம். கேவ் ஆல்பத்தின் அந்த வீடியோவில் கைலி தண்ணீரில் மிதப்பாரே, தண்ணீரில் மூழ்கிச் சாகும் ஷேக்ஸ்பியர் நாயகியை ஓவியர் மில்லே வரைந்த ஒஃபீலியா ஓவியத்தை அப்படியே எடுத்து வைத்தது. பிணம்கூட அழகாக இருக்க வேண்டும்.

#6 சும்மா_கேட்பவன்

புதுசு நான். ‘ஓமாலிஸ் பார்’ கேட்டேன். 14 நிமிடத்துக்கு மேல் போகிறது. ஒருத்தன் பாருக்குள் வந்து ஒவ்வொருவராகச் சுடுகிறான், நடுவில் கண்ணாடியில் தன் அழகையே பார்த்துக்கொள்கிறான். ஏழாவது நிமிடத்தில் மனைவி வந்து “இன்னும் எத்தனை பேர் பாக்கி?” என்று கேட்டாள். இது ஜோக்கா, சீரியஸா?

#7 பேஸ்மணி

ரெண்டும்தான். கேவ் அந்தப் பாட்டைப் பழைய பாட்டு மாதிரி ஓட்டி ஓட்டி, கேட்கிறவனே வெட்கப்படுகிற இடம்வரை கொண்டுபோகிறார். எனக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் அலுத்துவிடும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மழைக்காகிதம் சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். லாராவை விட்டுவிட்டதற்கு ட்ரையோவை மட்டும் திட்ட முடியாது. அந்தப் பாட்டை 1929லேயே பதிவு செய்த ஜி.பி. க்ரேசன், பார்வை மங்கிய பிடில்காரர், டூலாவைப் பிடிக்க உதவிய இன்னொரு க்ரேசனின் உறவினர். அதாவது பிடித்தவர் குடும்பத்திலேயே பாட்டு தங்கியிருக்கிறது. அதே க்ரேசன்தான் 1927ல் வில்லோ கார்டன் பாட்டையும் பதிவு செய்தார். நிக் கேவுக்கு அந்த ஆளிடம் நிறையக் கடன்.

#8 ஸ்கார்பரோ_சிவா

இப்போது ஒரு பறவைக் கதை. பொறுமையாக வாசியுங்கள். ‘ஹென்றி லீ’ பாட்டைப் பற்றியது.

ஸ்காட்லாந்தில் இதன் பெயர் ‘யங் ஹன்டிங்’. ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் தொகுத்த 305 பாலட்களில் 68ஆவது. ஒருத்தியிடம் வந்த காதலன், எனக்கு வேறொருத்தி இருக்கிறாள், அவளை விட நீ பெரிதில்லை என்று சொல்லிவிடுகிறான். குனிந்து முத்தம் கொடுக்கிற நேரத்தில் கத்தியைச் சொருகிவிடுகிறாள். பிணத்தைக் க்ளைட் ஆற்று மடுவில் போடுகிறார்கள். மரத்திலிருந்து ஒரு பறவை பார்த்துவிடுகிறது. கீழே வா, பொன்கூண்டு தருகிறேன் என்கிறாள். அவனுக்குச் செய்ததைத்தானே எனக்கும் செய்வாய், வரமாட்டேன் என்கிறது. அதோடு நிற்கவில்லை. தேடி வருகிறவர்களுக்கு அதுவே வழி சொல்கிறது: பகலில் தேடாதீர்கள், இரவில் மெழுகுதிரி ஏற்றித் தேடுங்கள், பிணம் கிடக்கும் இடத்துக்கு மேலே திரி பிரகாசமாக எரியும். அப்படியே கண்டெடுக்கிறார்கள். அவள் தொட்டதும் பிணத்திலிருந்து இரத்தம் வருகிறது. அகப்பட்டுக்கொள்கிறாள்.

1929. மேற்கு வர்ஜீனியாக்காரரான டிக் ஜஸ்டிஸ் என்ற நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒரு கிட்டாரோடு பாடிப் பதிவு செய்கிறார். ஹாரி ஸ்மித் 1952ல் தொகுத்த 84 பாட்டுள்ள பெரிய இசைத்தட்டுத் தொகுப்பில் முதல் பாட்டே இதுதான். ஆறு போய்க் கிணறு வந்துவிட்டது. மெழுகுதிரி இல்லை, இரத்தம் வடிகிற பிணம் இல்லை. பறவை மட்டும் இருக்கிறது. வா என்கிறாள், வரமாட்டேன் என்கிறது. பாட்டு முடிந்துவிடுகிறது. யாரும் தேடி வரவில்லை.

1996. கேவும் பாடகி பி.ஜே. ஹார்வியும். பறவை வந்து ஹென்றி லீயின் மேல் உட்காருகிறது, ஒவ்வொரு சுற்றிலும். பேசுவதில்லை. லாலாலா என்று ராகம் போடுவதோடு சரி, அதுவும் அந்த இரண்டு பேரும்.

சாட்சி சொன்ன பறவை, மறுத்த பறவை, சும்மா உட்கார்ந்த பறவை. நான் கனநாளாக இதைத் தலைக்குள் வைத்துக்கொண்டு பனியில் பஸ்ஸுக்கு நிற்கிறனான்.

#9 தட்டான்_பூச்சி

சிவா, இதைப் படித்துவிட்டு டிக் ஜஸ்டிஸ் பதிவைத் தேடிக் கேட்டேன். அந்த ஆள் குரலில் பதற்றமே இல்லை. ஆபீஸில் வருகைப் பதிவேடு வாசிக்கிற குரல். கேவ் பாடுவதைவிட எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஒரு சந்தேகம். பறவை மாதிரியே வேறு எதுவும் இப்படி வழியில் உதிர்ந்திருக்கிறதா?

#10 பேஸ்மணி

உதிர்ந்திருக்கிறது. கொலைக்கான காரணம்.

‘நாக்ஸ்வில் கேர்ள்’ எடுத்துக்கொள்ளுங்கள். கேவ் ஆல்பத்தில் இல்லை, ஆனால் இந்தக் குடும்பத்துக்கே மூத்த அண்ணன். லூவின் சகோதரர்கள் 1956ல் பாடியது தேன்மாதிரி இருக்கும், இரண்டு குரலும் ஒட்டிக்கொண்டு. கதை: ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காதலியோடு நடக்கிறான். திடீரென்று ஒரு கொம்பை எடுத்து அடிக்கிறான். முழங்காலிட்டுக் கெஞ்சுகிறாள். முடியைப் பிடித்து இழுத்து ஆற்றில் போடுகிறான். வீட்டுக்கு வந்ததும் அம்மா, துணியில் என்ன ரத்தம் என்று கேட்கிறாள். மூக்கில் ரத்தம் வந்தது என்கிறான்.

ஏன் அடித்தான்? பாட்டில் பதில் கிடையாது.

ஆனால் இதன் மூலம் 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் விற்ற ஒரு தெருத்தாள், ஒரு மாவு மில்காரனின் கதை. அதில் பதில் இருக்கிறது. அவள் கர்ப்பம். கல்யாணம் செய்துகொள் என்று கேட்கிறாள். அவனுக்கு மனதில்லை. கடல் தாண்டி அமெரிக்காவுக்கு வந்தபோது அந்தக் கர்ப்பம் காணாமல் போய்விட்டது. மூக்கு ரத்தப் பொய் மட்டும் இருநூறு வருடம் தாண்டி வந்து சேர்ந்திருக்கிறது! ஊர்ப் பெயர் மாறிக்கொண்டே இருக்கிறது, ஆறு மாறுகிறது, பொய் மாறவில்லை.

கேவ் செய்ததும் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. வில்லோ கார்டன் பாட்டில் கொலைக்குக் காரணம் பணம். உன்னை விடுவிக்கப் பணம் இருக்கிறது, அவளைக் கொல் என்று அப்பா சொல்லியிருப்பார். ஒயினில் விஷம், கத்தி, ஆறு. ‘வைல்ட் ரோசஸ்’ பாட்டில் அப்பாவும் இல்லை, பணமும் இல்லை. அழகாக இருந்தாள், அழகு சாகத்தான் வேண்டும், அவ்வளவுதான். இசைக்காரனாகச் சொன்னால் இது முன்னேற்றம். காரணம் இருந்தால் கேட்கிறவன் நிம்மதியாகத் தூங்கிவிடுவான்.

#11 மழைக்காகிதம்

பேஸ்மணி, கேட்கிறவன் நிம்மதி இருக்கட்டும். கர்ப்பத்தை எடுத்துவிட்டால் அந்தப் பெண்ணுக்கு என்ன மிச்சம்? இங்கிலாந்துத் தாளில் அவள் ஒன்று கேட்கிறாள். பொறுப்பெடு என்று கேட்கிறாள். நாக்ஸ்வில்லில் அவள் கேட்பது உயிரை மட்டும். காரணம் உதிர்ந்தது பாட்டை மர்மமாக்கியது என்கிறீர்கள். எனக்கு அது அவனுக்குக் கிடைத்த தள்ளுபடியாகத் தெரிகிறது. ஏமாற்றியவன் என்ற பெயர் போய், ‘ஏனோ தெரியவில்லை, ஏதோ ஆகிவிட்டது’ என்று ஆகிவிடுகிறான்.

இதே வட கரோலினாவில் ‘ஓமி வைஸ்’ என்று ஒரு பாட்டு. நயோமி வைஸ் என்ற அநாதைப் பெண்ணை 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் டீப் ரிவர் ஆற்றில் மூழ்கடித்தான் என்று ஊரே சொன்ன லூயிஸ், கொலைக்கு என்று தண்டனை பெறவேயில்லை. அங்கே பாட்டு ஒன்றுதான் அவள் பக்கம் பேசிய ஒரே தீர்ப்பு. அந்த மாதிரிப் பாட்டை நான் மதிக்கிறேன். ஆளும் ஊரும் ஆறும் நிஜமாக இருப்பதால் அது கனக்கிறது. கேவ் பாட்டில் சாகிற எலிசா டே என்று நிஜத்தில் ஒருத்தி கிடையாது, அந்த ஆறும் கிடையாது. கனமும் இல்லை.

#12 தட்டான்_பூச்சி

கனம் இல்லை என்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பாட்டை இந்த வாரத்தில் முப்பது தடவை கேட்டிருப்பேன் (வீட்டில் இப்போது தடை). ஒன்று சொல்கிறேன். ‘நாக்ஸ்வில் கேர்ள்’ முழுக்க அவன் குரல். வில்லோ கார்டன் முழுக்க அவன் குரல். கேவ் பாட்டில் பாதி அவளுடையது. முதல் நாள் அவன், முதல் நாள் அவள். இரண்டாம் நாள் அவன், இரண்டாம் நாள் அவள். பல்லவி முழுக்க அவள். அதில் அவள் சொல்வது ஒன்றே ஒன்று: எல்லாரும் என்னைக் காட்டு ரோஜா என்கிறார்கள், ஏன் என்று எனக்குத் தெரியவில்லை, என் பேர் எலிசா டே.

நீங்கள் லாரா ஃபாஸ்டர் பெயர் வரவில்லை என்று சொன்னீர்களே. இங்கே செத்தவள் பாட்டு முழுக்கத் தன் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கொன்றவனுக்குத்தான் பெயரே இல்லை.

#13 மழைக்காகிதம்

இதை நான் யோசிக்கவில்லை. வீடியோவையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன் போல.

முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் இன்று இரவு படம் இல்லாமல் கேட்கிறேன்.

#14 பேஸ்மணி

ஒரு துணைத் தகவல். கைலிக்கு அனுப்பிய மாதிரிப் பதிவில் எலிசா டே வரிகளைப் பாடியது யார் தெரியுமா? பிளிக்சா பார்கெல்ட். #2ல் சொன்ன அந்த அலறல்காரர். பெர்லின்காரர், சொந்தக் குழுவில் இரும்புத் தகட்டையும் துளைபோடும் இயந்திரத்தையும் வாத்தியமாக வைத்திருந்தவர். அவர் மெல்லிய குரலில் “என் பேர் எலிசா டே” என்று பாடுவதைக் கற்பனை செய்யுங்கள்.

#15 கேசட்_காலம்

அந்த அலறல் பாட்டில் வரும் ஸ்டாகர் லீ நிஜ ஆளா? பாட்டைப் போட்டேன், பேரன் வந்து “தாத்தா, இந்த ஆள் கெட்ட வார்த்தை பேசறார்” என்றான். அணைத்துவிட்டேன்.

#16 ஸ்கார்பரோ_சிவா

நிஜ ஆள்தான் அண்ணை. பெயர் லீ ஷெல்டன், செயின்ட் லூயிஸில் குதிரை வண்டி ஓட்டினவர். 1895 கிறிஸ்துமஸ் இரவு பில் கர்டிஸ் என்பவரின் சாராயக்கடையில் பில்லி லயன்ஸ் என்பவரோடு குடித்துக்கொண்டிருந்தார். வாய்த் தகராறு. லயன்ஸ் இவருடைய தொப்பியைப் பிடுங்கினார். தா என்றார், தரவில்லை, சுட்டார். விழுந்தவரின் கையிலிருந்து தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். முதல் விசாரணையில் ஜூரி ஒத்துப்போகவில்லை, இரண்டாவதில் 25 வருஷம். 1909ல் மன்னித்து வெளியே விட்டார்கள், பிறகு வேறு குற்றத்துக்கு மறுபடி உள்ளே போய் 1912ல் காசநோயால் சிறையில் செத்தார். அவர் உயிரோடு இருக்கும்போதே பாட்டு ஊர் ஊராகப் போய்விட்டது.

மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1928ல் பாடினதை எடுத்துப் போடுங்கள், பேரனையும் பக்கத்தில் வைத்துக் கேட்கலாம். கட்டைவிரல் அடித்தந்தியில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று சீராக நடக்கும், மற்ற விரல்கள் மேலே மெட்டைக் கொத்தும். தொட்டில் ஆட்டுகிற மாதிரி இருக்கும். அந்தத் தாலாட்டுக்குள்ளே பில்லி சொல்கிறார், எனக்கு இரண்டு குழந்தை இருக்கிறது, மனைவி இருக்கிறாள், கொல்லாதே என்று. பாட்டு ஜூரியைப் பார்த்துக் கேட்கிறது: ஐந்து டாலர் தொப்பிக்காகக் கொன்றானே, என்ன நினைக்கிறீர்கள்?

#17 தட்டான்_பூச்சி

இருங்கள். கேவ் பாட்டில் தொப்பி இருக்கிறது. ஸ்டாகர் லீ தலையில் ஸ்டெட்சன் தொப்பியோடுதான் கடைக்குள் வருகிறான். ஆனால் பாட்டு முடியும்வரை அதை யாரும் தொடுவதே இல்லை!

#18 பேஸ்மணி

அட. ஆமாம்.

காலத்தையும் 1932க்கு மாற்றிவிட்டார். சாகிற ஆள் லயன்ஸ் இல்லை, பில்லி டில்லி. கேவ் வரிகளுக்கு மூலம், கறுப்பர் தெருக்களில் வாய்மொழியாகச் சொல்லப்பட்ட ‘டோஸ்ட்’ என்ற கதைப்பாட்டு வகை. 1976ல் வந்த ஒரு தொகுப்பில் அச்சாகியிருக்கிறது. கெட்ட வார்த்தையெல்லாம் அங்கிருந்தே வருகிறது, கேவ் சேர்த்தது கொஞ்சம்தான். அதில் ஸ்டாகர் லீக்குக் காரணமே தேவையில்லை. அவன் கெட்டவன், அதனால் சுடுகிறான். கேட்கிறவனுக்கு அதில் ஒரு கிளுகிளுப்பு.

பறவை வாயை மூடிக்கொண்டது, தொப்பி தலையிலேயே இருந்துவிட்டது.

#19 மழைக்காகிதம்

அந்த ‘கிளுகிளுப்பு’ யாருக்கு என்றும் பாருங்கள். ஒடுக்கப்பட்ட தெருவில், போலீசுக்குப் பயந்து வாழ்ந்தவர்கள் எவனுக்கும் அடங்காத ஒருவனைக் கற்பனை செய்து சொன்ன கதை அது. அதே வரியை ஆஸ்திரேலிய வெள்ளைக்காரர் ஒருவர் மேடையில் பாடும்போது அது வேறு பாட்டு. தப்பு என்று சொல்லவில்லை, வேறு பாட்டு.

அதே செயின்ட் லூயிஸில், நாலே வருடம் கழித்து, 1899ல் ஃப்ரான்கி பேக்கர் என்ற பெண் தன்னை அடிக்க வந்த காதலன் ஆலன் பிரிட்டைச் சுட்டாள். தற்காப்பு என்று விடுதலையும் ஆனாள். ‘ஃப்ரான்கி அண்ட் ஜானி’ பாட்டு அவளை விடவில்லை. தெருவில் போனால் பாடுவார்களாம். ஊரை விட்டே போய், கடைசியில் போர்ட்லாண்டில் இருந்துகொண்டு அந்தக் கதையைப் படமாக எடுத்தவர்கள்மேல் வழக்குப் போட்டாள். தோற்றாள். கொலைப்பாட்டில் வரும் ஒருத்தி உயிரோடிருந்து அதைக் கேட்க நேர்ந்தால் இப்படித்தான்.

#20 குமரிக்காரி

இழையைத் தாமதமாகத்தான் பார்த்தேன். சிவாவின் பறவையைப் படித்ததும் எனக்கு எங்கள் பக்கத்துக் கள்ளிச்செடி ஞாபகம் வந்தது.

இசக்கியம்மன் கோயில் கொடையில் வில்லுப்பாட்டில் நீலி கதை பாடுவார்கள். காட்டு வழியில் கூட வந்தவன் மடியில் நீலி தலை வைத்துத் தூங்குகிறாள். மெதுவாகத் தலையை மண்ணில் இறக்கி வைத்துவிட்டுக் கல்லைத் தூக்கிப் போட்டுக் கொல்கிறான். நகைக்காக. சாகும்போது அவள் பக்கத்தில் நின்ற கள்ளிச்செடியைப் பார்த்து, நீதான் சாட்சி என்கிறாள். அடுத்த பிறவியில் அந்தக் கள்ளிக் கிளையைப் பிள்ளையாக இடுப்பில் வைத்துக்கொண்டு அவனைத் தேடி வருகிறாள்.

எங்கள் கதையில் சாட்சி வாயை மூடவில்லை, காரணமும் உதிரவில்லை. நடுச்சாமத்தில் அந்தக் கல் விழும் இடத்தில் குடத்தில் அடிக்கிற அடி ஒன்று இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் அம்மா கையைப் பிடிக்காத குழந்தை இருக்காது. அப்புறம் சாமி வந்து ஆடும். செத்தவள்தான் சாமி.

#21 கேசட்_காலம்

தாயே, கையெடுத்துக் கும்பிடுகிறேன். சந்தைச் சிந்துக்காரனையும் இதையும் ஒன்றாகப் போடக்கூடாது என்று இப்போதுதான் உறைக்கிறது. அவன் எட்டணாவுக்கு விற்றான். இது வேறு.

#22 ஸ்கார்பரோ_சிவா

அந்த லண்டன் தாளுக்கும் சந்தைச் சிந்துக்கும் உறவு சரிதான். யங் ஹன்டிங்கும் நீலியும் இன்னொரு பக்கம். பிணத்தைத் தொட்டால் இரத்தம் வடிகிற உலகம் அது, செத்தவர் சும்மா இருக்கமாட்டார். கேவ் இந்த இரண்டாவது பக்கத்துக்கு ஒரே ஒரு முறைதான் வந்தார், செத்த எலிசா டேயைப் பாட வைத்தபோது. மற்றதெல்லாம் சந்தை. நல்ல சந்தை.

#23 சும்மா_கேட்பவன்

அந்த ஆல்பம் நன்றாக விற்றதா? இவ்வளவு ரத்தத்தோடு?

#24 பேஸ்மணி

அவருடைய ஆல்பங்களில் அதுவரை இல்லாத விற்பனை. கைலி டூயட் ஆஸ்திரேலியாவில் இரண்டாம் இடம், பிரிட்டனில் 11. ஆஸ்திரேலியாவின் ஏரியா இசை விருதும் வாங்கியது. 1996ல் எம்டிவி சிறந்த பாடகர் விருதுக்குப் பரிந்துரைத்தபோது, என் பெயரை எடுத்துவிடுங்கள், என் கவிதை தேவதை ஒன்றும் பந்தயக் குதிரை இல்லை என்று கடிதம் எழுதினார். அடுத்த வருடம் வந்த ஆல்பம் முழுக்கப் பியானோவும் காதலும். ஒரு சொட்டு ரத்தம் கிடையாது.

#25 நெறியாளர்

இழை நன்றாகப் போகிறது. ஒரே ஒரு வேண்டுகோள்: பாட்டு வரிகளை முழுதாக ஒட்டாதீர்கள், இரண்டு பதிவுகளை அதற்காக நீக்கியிருக்கிறேன். குமரிக்காரி, நீலி கதைக்குத் தனி இழை தொடங்குங்கள், நானே முதல் ஆளாக வருகிறேன்.

#26 மழைக்காகிதம்

படம் இல்லாமல் கேட்டேன். மூன்றாம் நாளில் அவள் பாடும் பகுதி. அவன் கையில் கல்லோடு மேலே இருந்தபோது முணுமுணுத்த ஒரு சொல்லை அவள் கடைசியாகக் கேட்டதாகச் சொல்கிறாள். அவள் குரலில் பயம் இல்லை, கோபமும் இல்லை. தட்டான் சொன்ன வருகைப் பதிவேட்டுக் குரல்தான், பெண்ணுக்கு. கைலியை இனிமேல் குறைத்துப் பேசமாட்டேன்.

டீலியா விஷயத்தில் மாறவில்லை.

#27 தட்டான்_பூச்சி

நன்றி எல்லாருக்கும். நேற்று அத்தை பெண் போன் செய்தாள். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு பாட்டு விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஒரு நிமிடம் சத்தமே இல்லை. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். கல்யாண வீடியோ வந்துவிட்டதாம். எடிட் செய்த பையனுக்கு அந்த மெட்டு ரொம்பப் பிடித்துப்போய், மாலை மாற்றுகிற இடத்தில் ஒரு தடவை, கடைசியில் ஆற்றங்கரையில் எடுத்த படங்களுக்கு இன்னொரு தடவை போட்டிருக்கிறானாம்.